பாட்டு இல்லாத கம்பியூட்டர்

மகனே, இதைக் கையில் எடுத்ததும் எழுந்து போய்விடாதே. உட்கார்ந்து படி. நேரில் பேச வாயெடுத்தால் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பின்படிக்கட்டுக்குப் போய்விடுகிறாய். விடாமல் நானும் பின்னால் வந்தால், ஈரமாயிருக்கு, வழுக்கும், உள்ளே போங்க அம்மா என்று என்னைத் திருப்பி அனுப்புகிறாய். வழுக்கி விழுகிற வயது எனக்கு வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் வியாழக்கிழமை நீ கொழும்புக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டாய். அதற்குள் சொல்லியாக வேண்டியவை நிறைய இருக்கின்றன. படித்து முடித்ததும் இதை மெழுகு உருக்கும் அடுப்பில் போட்டுவிடு. அப்பாவுக்குக் காட்டாதே.

நீ வாங்கப் போவது ஒரு கம்பியூட்டர். வேறு வீட்டுப் பிள்ளை கம்பியூட்டர் வாங்கப் போனால் தாய் தேங்காய் உடைத்து அனுப்புவாள். நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன். வடக்கில் சண்டை முற்றிக்கொண்டு வருகிறது. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளை லொட்ஜில் வைத்தே அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். இந்தச் சமயத்தில், ஒரு தரம் பிடிபட்டுத் திரும்பி வந்தவன், எந்தச் சாமானால் பிடிபட்டானோ அதே சாமானை வாங்க மறுபடியும் ஹட்டன் ஸ்டேஷனில் கொழும்புக் கோச்சி ஏறப் போகிறான். இதை நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சோறு வடிக்கிற தாய் யாராவது இருந்தால் எனக்குக் காட்டு.

நீ இதை ஏன் வாங்குகிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பல் கட்டுகிற நம் வேலைத்தலத்தின் மூலையில் பெட்ஷீட்டால் மூடி வைத்திருக்கிற அந்த மில்லிங் மெஷினை ஒரு வருடத்துக்கு மேலாக நான்தான் காவல் காக்கிறேன். இந்த ஊர்ப் பனியில் இரும்புக்குக்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரிக்குள் துணி நாறாமல் இருக்க ஒரு பல்பை எரியவிடுவோமே, அதேமாதிரி அந்தப் பெட்ஷீட்டுக்குக் கீழேயும் ஒரு பல்பை எரியவிட்டிருக்கிறேன். கரண்ட் பில்லைப் பார்த்து அப்பா முணுமுணுத்தாலும் அணைக்கச் சொன்னதில்லை. பல்லுக்கான வெள்ளைக் கட்டியை வைத்தால் பல் உறையாகக் கடைந்து தருகிற மெஷின் அது. ஆனால் எதைக் கடைவது, எவ்வளவு கடைவது என்று சொல்ல ஒரு கம்பியூட்டர் வேண்டும். அது இல்லாமல் மெஷின் வெறும் இரும்பு. நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். திரும்பி வந்த நாளிலிருந்து நீ சிரித்ததே இல்லை. கொழும்பிலிருந்து வரும் பேப்பரில் கம்பியூட்டர் விளம்பரம் வந்தால் மட்டும் உன் முகத்தில் கொஞ்சம் உயிர் வருகிறது. பிளாஸ்டர் சாக்கின் மேல் பென்சிலால் என்னென்னவோ எழுதிப் பார்க்கிறாய். அதனால்தான் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் கம்பியூட்டரை நீ கொண்டுவந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழும்பில் பெரிய பல் வேலைத்தலம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, இனி நம் ஊரிலேயே செய்யலாம் என்று வந்தாய். நுவரெலியா பல் டொக்டரும் இங்குள்ள பல் டொக்டரும் பல் உறைகளையெல்லாம் கொழும்புக்கு அனுப்புகிறார்கள், நோயாளி வாரக்கணக்கில் பல்லில்லாமல் காத்திருக்கிறார், நாமே செய்தால் என்ன என்று கேட்டாய். உன் அப்பா மெழுகில் பல் செதுக்கியே கிழவனானவர். மெஷின் பல் செய்யுமா என்று முதலில் சிரித்தார். மெஷின் மரக்கறி லொறியில் வந்து இறங்கிய அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தவரும் அவர்தான். கம்பியூட்டரைப் புதிதாக வாங்க அப்போது கையில் காசு போதவில்லை. கொழும்பில் பழைய கம்பியூட்டர் விற்கும் கடை ஒன்றில், மூடிப்போன ஏதோ கம்பெனிக் கந்தோரிலிருந்து வந்த நல்ல சாமான் ஒன்று இருக்கிறது என்று அங்கிருந்தே போன் பண்ணினாய். பல்லின் உருவத்தைத் திரையில் சுழற்றிப் பார்க்க நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும், அது இதில் இருக்கிறது, புதிதாக வாங்கினால் இப்படிக் கிடைக்காது என்று சந்தோஷமாகச் சொன்னாய். கூடவே இன்னொன்றும் சொன்னாய். அதன் ஹார்ட் டிஸ்க்கில் முன்பு வைத்திருந்தவர்கள் நிறையத் தமிழ்ப் பாட்டு போட்டு வைத்திருக்கிறார்கள், அழித்துவிட்டுத் தரவா என்று கடைக்காரப் பையன் கேட்கிறான் என்றாய்.

போன் பேசுகிற கொமியூனிகேஷன் கடைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள், போனைப் பிடித்திருந்தது உன் அப்பா. பாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேலைத்தலத்தில் பகல் முழுக்க ரேடியோவோடு இருக்கிற மனிதர். மழைக்காலத்தில் அந்த ரேடியோ பாடுவதைவிட இரைவதுதான் அதிகம். “அழிக்க வேணாம்னு சொல்லுப்பா, அப்படியே இருக்கட்டும்” என்றார். நம்மூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பழைய கம்பியூட்டர் வாங்குகிறவன் அதில் பாட்டு இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குகிறான். பாட்டு நிறைய இருந்தால் நல்ல கம்பியூட்டர். யாருடைய பாட்டு, யார் போட்டது என்று எவனும் கேட்பதில்லை. யார் தலையணை உறையிலோ முகத்தைப் புதைத்துப் படுப்பதைப் போன்றதுதான் அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தோம். பிளாஸ்டர் தூசு படாமல் இருக்கக் கம்பியூட்டரை நம் படுக்கையறையில் வைத்தாய். அச்சு எடுத்த பல்லை ஒரு பெட்டிக்குள் வைப்பாய், அது திரையில் வரும், மவுஸ் என்கிற அந்த எலியால் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாய். ஒரு கடைவாய்ப் பல் வானத்தில் மிதக்கிற மலைமாதிரித் திரும்பியதை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அதன் பள்ளங்களை அப்பா விரலால் தொட்டுப் பார்க்கப் போய்த் திரையில் மெழுகுக்கறை வைத்தார். நீ திட்டினாய். அவர் சிரித்துக்கொண்டே பாட்டுப் போடச் சொன்னார். அவருக்குத் தெரிந்த பாட்டுகளை நீ தேடிப் போட்டுக் கொடுத்தாய். தெரியாத பாட்டுகள் எத்தனையோ அதில் கிடந்தன. அவற்றைத் திறந்து கேட்க நமக்கு நேரம் எங்கே இருந்தது?

பிறகு அந்தச் சுற்றிவளைப்பு வந்தது. பொலிஸும் ஆமியும் டவுன் முழுக்க வீடு வீடாகச் சோதித்தார்கள். நம்மைத் தேடி யாரும் வரவில்லை என்பதை நீ மறந்துவிடாதே, அதில்தான் என் பயமெல்லாம் இருக்கிறது. அவர்கள் சும்மா வந்தவர்கள். பொலிஸ்காரர்களோடு ஒரு இளம் ஆமிக்காரர் இருந்தார், பார்க்கச் சின்னப் பிள்ளை, முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருந்தது. எனக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் பல்தான் கண்ணில் படும், என்ன செய்ய. உள்ளூர் சார்ஜன்ட்டும் வந்திருந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார், அவர் வாயில் இருக்கும் கீழ்வரிசைப் பல் செட் உன் அப்பா கட்டியது. நான் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அலுமாரியைப் பார்த்தார்கள், மெஷினைப் பார்த்தார்கள், பிளாஸ்டர் பற்களைப் பார்த்துச் சிரித்தார்கள். போகிற நேரத்தில் அந்த இளம்பிள்ளை கம்பியூட்டரைக் கண்டுவிட்டு, பாட்டு இருக்கிறதா, ஒன்று போடுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சோதனைக்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டு கேட்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

நீ எழுந்து இடம் கொடுத்தாய். அவரே எலியைப் பிடித்து அங்குமிங்கும் தட்டினார். முதலில் ஒரு சினிமாப் பாட்டு வந்தது, காலால் தாளம் போட்டார். அடுத்ததைத் தட்டினார். மேளம் முழங்கி, நிறையப் பேர் சேர்ந்து பாடுகிற பாட்டு ஒன்று வந்தது. நடைபோடுகிற தாளம். மண்ணுக்காக உயிரைக் கொடுப்போம் என்கிற மாதிரி ஏதோ வரிகள். நான் அப்படி ஒரு பாட்டைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, இன்னும் காலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். சார்ஜன்ட் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்தார். அது வடக்கில் சண்டை பிடிக்கிறவர்களின் பாட்டு என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை, எப்போதும் உன் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

“இந்தப் பாட்டு எங்க இருந்து வந்திச்சு, மாஸ்டர்?”

 நீதான் பதில் சொன்னாய், கடையில் வாங்கும்போதே இருந்தது, கேட்டுப் பார்க்கவில்லை என்றாய். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். அப்பி வத்தே மினிஸ்ஸு, நாங்கள் தோட்டத்து ஆட்கள், எங்களுக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கெஞ்சினேன். அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான், என்னைப் பெற்ற ஆயா தேயிலைக் கொழுந்து எடுத்தவள் என்றெல்லாம் சொன்னேன். அதைச் சொன்னால் போதும் என்று இந்த மலையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத்தான் அந்தக் கஷ்டம், நம் பேச்சைக் கேட்டாலே நம்மை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் காதில் விழுந்தது தமிழ் மட்டும்தான். கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், உன்னையும் அதோடு கொண்டுபோனார்கள். மெஷின் கனமானதால் விட்டுவிட்டுப் போனார்கள். கொழும்புக் கடைக்காரரை விசாரித்தபோது, தன் கடையில் அப்படி ஒரு டிஸ்க்கே இருந்ததில்லை என்று சாதித்தாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.

நீ இல்லாத மாதங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. வழக்குப் போட ஒன்றுமில்லை என்று ஒருநாள் விட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நான் உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நீ வாயைத் திறந்து அம்மா என்றபோது வலப்பக்கத்தைத்தான் பார்த்தேன். கீழே பின்பற்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நாங்கள் பல் கட்டுகிறவர்கள். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற வீட்டில் என் பிள்ளை இன்றைக்கும் இடப்பக்கம் மட்டுமே மென்று சாப்பிடுகிறான். அச்சு எடுக்க அப்பா எத்தனையோ தரம் கூப்பிட்டும் நீ வாயைத் திறக்கவில்லை. எப்படிப் போனது என்று நான் கேட்டதுமில்லை, நீ சொன்னதுமில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து வேலைத்தலத்தில் ரேடியோ பாடவில்லை. பழுதாகிவிட்டது என்கிறார். நான் ஒருநாள் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் பாடியது. அவர் வந்து வயரைப் பிடுங்கினார். நீ மறுபடி கம்பியூட்டர் வாங்கப் போகிறேன் என்றபோது உன்னைத் தடுக்கச் சொல்லி அவரிடம் நான் அழுதேன். “பயந்துகிட்டே இருந்தா ஒரு பல்லக்கூடப் புடுங்க முடியாது புள்ள, அவன் போகட்டும்” என்றார். சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன்னை அனுப்பினால்தான் தன் பாரம் குறையும் என்று அவர் நினைக்கிறார். அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதானே, ஏன் மறுபடி கிளறுகிறேன் என்று கேட்பாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன வாரம் நீ நுவரெலியா டொக்டரைப் பார்க்கப் போயிருந்தாய், அப்பா கோவிலுக்குப் போயிருந்தார். அப்போது ஒரு ஆள் வேலைத்தலத்துக்கு வந்தார். பல் செட் ஒன்று கட்ட வேண்டும் என்றார், யாருக்கு என்று கேட்டேன், தனக்குத்தான் என்றார். ஊரில் கண்ட முகமில்லை. காலில் துடைத்துப் பளபளக்கிற சப்பாத்து, இந்த மழையில் அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. உட்காரச் சொல்லி வாயைப் பார்க்கட்டுமா என்றேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பார்த்துவிட்டேன், மகனே. வரிசையாக, முழுசாக, ஒரு சொத்தைகூட இல்லாத பற்கள். அந்த வாய்க்கு இன்னும் முப்பது வருடத்துக்குப் பல் செட் தேவையில்லை.

பெட்ஷீட்டைப் பார்த்து, அது என்ன வெளிச்சம் என்று கேட்டார். ஈரத்துக்கு பல்ப் வைத்திருக்கிறேன் என்றேன். மெஷின் ஓடுகிறதா என்றார். நான் மெஷின் என்று சொல்லவே இல்லை. ஓடவில்லை என்றேன். பிறகு கதவருகே போய்க் குடையை விரித்துக்கொண்டே, போகிறபோக்கில் கேட்கிற மாதிரி அதைக் கேட்டார்.

“மகன் வியாழக்கிழமை கொழும்புக்குப் போறாராமே?”

நீ அதை எங்களுக்குச் சொன்னதே அதற்கு முந்தின நாள்தான். வீட்டுக்குள், சாப்பிடும்போது சொன்னாய். நான் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவும் தான் சொல்லவில்லை என்று சாமி படத்தின்மேல் கை வைத்துச் சொல்கிறார். கம்பியூட்டர் கடைக்கு நீ போன் பண்ணி விசாரித்தபோது கொமியூனிகேஷனில் யாராவது கேட்டிருப்பார்களோ, அந்தக் கடையிலேயே யாராவது இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அதிகம் பயமாக இருக்கிறது. அந்த ஆள் பொலிஸோ, வேறு யாரோ, அதுவும் தெரியாது. சார்ஜன்ட்டிடம் போய்க் கேட்கலாம் என்று கிளம்பி, பொலிஸ் ஸ்டேஷன் வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அவர் கீழ்வரிசையை இறுக்கிப் போடச் சொல்லி இப்போதும் நம்மிடம்தான் வருகிறார். வந்தால் பேச்சு பல்லோடு நின்றுவிடுகிறது. உன்னிடம் சொன்னால் அடங்கியிருக்கிற பயத்தைக் கிளறிவிடுவேனோ என்று இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன். இனி விழுங்க முடியாது.

அதனால் வியாழக்கிழமை போகாதே. அந்த நாள் அவர்களுடைய வாயில் இருக்கிறது, அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதற்கு முன்பு ஒருநாள் போவோம், எந்த நாள் என்று இதில் எழுதமாட்டேன், கொமியூனிகேஷன் பக்கம் போகாதே, யாருக்கும் போன் பண்ணாதே. வாங்கப் போவது எதுவாக இருந்தாலும் புதிதாக இருக்கட்டும். பிளாஸ்டர் சாக்கில் நீ எழுதியதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். இரட்டை ப்ரொசஸர், மெமரி கூட, கிராஃபிக்ஸ் கார்ட் இன்ன வகை என்று எழுதி, பிறகு அதையெல்லாம் அடித்து, பழைய கடையில் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். பழையது வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்ட் கொஞ்சம் குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பல் திரையில் மெதுவாகத் திரும்பட்டும், நமக்கு என்ன அவசரம். ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒட்டுப் பிரிக்காத உறையில் இருந்து உன் கண்ணுக்கு முன்னால் எடுத்துப் பூட்டப்பட வேண்டும். கடைக்காரர் அன்பாக, பாட்டுப் போட்டுத் தரவா, படம் போட்டுத் தரவா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல். எதுவுமே போட வேண்டாம். பல் வரைகிற மென்பொருளைத் தவிர அதில் ஒரு எழுத்துக்கூட இருக்கக் கூடாது.

கரண்ட் விஷயத்தையும் மறந்துவிடாதே. நம் பக்கத்துத் தோட்டத்து ஃபெக்டரியில் பெரிய மோட்டரைப் போட்டால் நம் வீட்டு பல்ப் மங்குகிறது, கடைந்துகொண்டிருக்கிற மெஷின் பாதியில் நின்றால் அந்தக் கட்டி வீண் என்று நீதான் சொன்னாய். நல்ல யூ.பி.எஸ். ஒன்றை இங்கேயே, டவுனிலேயே வாங்கு. அதுவும் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி, உள்ளே பட்டரி, வயர். அதைக் கோச்சியில் தூக்கிக்கொண்டு வந்தால் எந்தச் சோதனையில் எவன் என்ன நினைப்பான் என்று யோசித்துப் பார். மென்பொருளோடு ஒரு சின்னச் சாவிமாதிரி சாமான் தருவார்களாமே, கம்பியூட்டரின் பின்பக்கத்தில் குத்துவது, அதைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டு வராதே. அதை எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்டால், பல்லுக்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பல் கடைகிற முனைகளையும் இந்தத் தரம் வாங்காதே, பார்க்கச் சின்ன ட்ரில் மாதிரி இருக்கின்றன. அவற்றைப் பிறகு டொக்டரின் ஆள் கொண்டுவரட்டும். இப்படி யோசித்துத்தான் சாமான் தெரிவுசெய்ய வேண்டிய காலத்தில் உன்னைப் பெற்று வைத்திருக்கிறேன். வேறு நாட்டில் பிறந்த பிள்ளை எது வேகம், எது நீடித்து உழைக்கும் என்று மட்டும் பார்த்து வாங்கியிருப்பான்.

போவோம் என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். நானும் வருகிறேன். வேண்டாம் என்று சொல்லப் பின்படிக்கட்டிலிருந்து எழுந்து வராதே, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, முடித்துவிடு. கடையில் பில்லை என் பெயரில் போடச் சொல். உன் பெயர் வேண்டாம், உன் பெயர் அவர்களிடம் இருக்கிறது. அப்பாவின் பெயரையும் அன்றைக்கு எழுதிக்கொண்டார்கள். அவருக்கு இது தெரிந்தால் தன் பெயரில் போடச் சொல்லி நிற்பார், அதனால்தான் அவருக்குக் காட்ட வேண்டாம் என்றேன். என் பெயரை மட்டும் அவர்கள் எழுதவில்லை. பிளேன்டீ கொடுத்த பொம்பளையிடம் பெயர் கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு பெயர்தான் இந்த வீட்டில் இன்னும் சுத்தமாக இருக்கிறது. அதை நீ எடுத்துக்கொள்.

கடை வாசலிலேயே பெட்டியை என் கையில் கொடுத்துவிடு. ஓட்டோக்காரர் தூக்கி வைப்பார், ஸ்டேஷனில் கூலிக்காரர் தூக்குவார், எனக்கு அப்படி ஒன்றும் தள்ளாத வயதில்லை. கோச்சியில் நான் ஏறுகிற பெட்டியில் நீ ஏறாதே. தூரமாகப் போய் ஏறிக்கொள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலோ வழியிலோ யாராவது ஏறிச் சோதித்து, இது யாருடையது என்று கேட்டால், என்னுடையது என்பேன். எதற்கு என்றால் பல் கட்ட என்பேன், என் சிங்களத்தில் சொல்வேன். நம்பினால் சரி. நம்பாமல் என்னை இறக்கினால், நீ ஜன்னலால் எட்டிப் பார்க்கக் கூடாது. அம்மா என்று கூப்பிடக் கூடாது. ஹட்டன் வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்து, இறங்கி, நேராக வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய், ராசா. நான் கேட்டு நீ மறுத்தது எத்தனையோ இருக்கலாம், இதை மறுக்காதே. பக்கத்தில் இருக்கிற யாராவது, அந்தப் பெரியம்மாவைக் கொண்டுபோறாங்களே, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா என்று உன்னைக் கேட்பார்கள். தெரியாதுங்க என்று சொல். இன்றிலிருந்தே சொல்லிப் பழகு.